ஒளியைத் தேடிய இராமன்

நம் கடையநல்லூரில் ஒரு மாணவன் வீட்டிலேயே ஒளிவிலகல் சோதனை செய்ய முற்படுகின்றான் என்று கொள்வோம். கண்ணாடிக் கட்டி உண்டு. வெள்ளைத் தாளும் உண்டு. ஏற்ற ஒளி மட்டும் இல்லை. மெழுகுவத்தியின் சுடர் நடுங்குகின்றது. டார்ச் விளக்கின் ஒளி அகன்று பரவுகின்றது. சாரல் காலமாயின் வெயிலும் வாராது. இவ்விடர் புதியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு அல் ஹைதம் இருட்டறையின் துளைக்கு எதிரே விளக்குகளை வைத்து ஒளியின் நேர்வழியை ஆராய்ந்தார். நம் நாட்டில் அத்தகைய தேடலுக்கு இலக்கணமாக விளங்கியவர் சர் சி. வி. இராமன் ஆவார்.

திருச்சிராப்பள்ளியில் 1888 நவம்பர் 7 இல் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மாணவராயிருந்தபோதே ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906 இல் இங்கிலாந்து ஆய்விதழொன்றில் வெளிவந்தது. 1907 இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலரானார். எனினும் காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடமே அவருக்கு இல்லமாயிற்று. 1917 இல் உயர்ந்த ஊதியம் தந்த அப்பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 இல் ஐரோப்பியப் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நிறம் வானத்தின் எதிரொளி மட்டுமன்று, நீரே ஒளியைச் சிதறச் செய்கின்றது எனக் கண்டார். பின்னர்ப் பல திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினார். சிதறும் ஒளியோ மிக மங்கலானது. எனவே தொலைநோக்கியின் பெரிய வில்லையால் ஞாயிற்றின் ஒளியைக் குவித்தார். வண்ண வடிகட்டிகளால் வேண்டிய நிறத்தை மட்டும் பிரித்தெடுத்தார். உள்ளே சென்ற நிறத்தோடு வேறொரு நிறமும் மெல்லியதாய் வெளிப்பட்டது.

இப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் கே. எஸ். கிருஷ்ணன். இவர் நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

வெயிலொளியில் எல்லா நிறங்களும் தொடர்ந்து கலந்திருக்கும். அதில் புதிய நிறமொன்று தோன்றினும் ஐயமறக் காண்பது அரிது. பாதரச ஆவி விளக்கின் ஒளியோ நிறமாலையில் தனித்தனிக் கோடுகளாய் அமையும். எனவே இராமன் அவ்விளக்கைக் கைக்கொண்டார். விளக்கில் இல்லாத புதிய கோடுகள் அப்போது தெளிவாய்ப் புலப்பட்டன. 1928 பிப்ரவரி 28 ஆம் நாள் இவ்விளைவு கண்டறியப்பட்ட நாளாகப் போற்றப்படுகின்றது. 1930 இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1948 இல் பெங்களூரில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவிய அவர், 1970 நவம்பர் 21 இல் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? விலைமிக்க விளக்கே சிறந்த விளக்கு என்பதன்று. வினாவிற்கு ஏற்ற விளக்கே சிறந்தது. வானவில்லின் நிறங்களைக் காண விழையும் மாணவனுக்குச் சாளரத்தின் இடுக்கில் நுழையும் வெயில் போதும். ஞாயிறு நெடுந்தொலைவில் இருத்தலின் அதன் கதிர்கள் ஏறத்தாழ இணையாகவே வரும். கதிர் வளையும் கோணத்தை அளக்க விழைவோன், அட்டையில் மெல்லிய பிளவிட்டு, டார்ச் விளக்கைச் சற்றுத் தொலைவில் வைத்தால் போதும். ஞாயிற்றை நேரே நோக்குதல் மட்டும் ஆகாது, கண்ணுக்குத் தீங்காம்.

ஆய்வுக்கூடம் இல்லையே என ஏங்கும் மாணவச் செல்வங்களே, முதலில் வினாவைத் தெளிவுறுத்துங்கள். அதற்குரிய ஒளி உங்கள் வீட்டுச் சாளரத்திலேயே காத்திருக்கக் கூடும்.