தேர்தல் வேண்டாம் என்று நின்ற ஜகஜீவன் ராம்

ஏப்ரல் 5-ந் தேதி ஆந்திராவில் அரசு விடுமுறை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் புதிதாக வேலைக்கு வரும் நம்மவர்கள், என்ன பண்டிகை என்று கேட்பதுண்டு. பண்டிகை இல்லை, பாபு ஜகஜீவன் ராம் பிறந்த நாள்.

1908-ல் பீகாரில் ஆரா நகருக்கு அருகே சந்த்வா கிராமத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். படித்த பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று தனியாகத் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். சிறுவன் அதை உடைத்தான். வேறு பானை வந்தது, அதையும் உடைத்தான். கடைசியில் தனிப் பானை வைப்பதையே விட்டுவிட்டார்கள். 1946-ல் நேருவின் இடைக்கால சர்க்காரில் தொழிலாளர் நல மந்திரியானபோது வயது 38. மந்திரிகளில் அவரே இளையவர்.

1956-ல் அரியலூர் ரயில் விபத்தை அடுத்து லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார் அல்லவா? அந்த நாற்காலிக்கு வந்தவர் இவர்தான். ரயில்வே பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு என்ற உத்தரவு இவர் காலத்தில் வந்தது. தென்னக ரயில்வேயில் எழுந்த வழக்கில் சென்னை ஐகோர்ட் அதை ஏற்கவில்லை; 1961-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. 1971 வங்கதேச யுத்தத்தின்போது ராணுவ மந்திரியும் இவரே.

1977 பிப்ரவரியில் காங்கிரசை விட்டு வெளியேறி, ஜனதாவோடு சேர்ந்தார். 1979 ஜூலையில் மொரார்ஜி தேசாய் சர்க்கார் கவிழ்ந்தது. இந்திரா காந்தியின் ஆதரவை நம்பி சரண்சிங் பிரதமரானார். சபையில் பலத்தைக் காட்ட வேண்டிய ஆகஸ்ட் 20-ந் தேதி அந்த ஆதரவு போய்விட்டது. அவர் சபைக்கே வராமல் ராஜினாமா செய்தார். லோக்சபையைக் கலைத்துத் தேர்தல் நடத்தும்படி ஜனாதிபதிக்குச் சிபாரிசும் செய்தார். தமிழகத்தின் சத்தியவாணி முத்து அந்த மந்திரிசபையில் சேர்ந்தது முந்தின நாள்தான்!

ஜகஜீவன் ராம் அப்போது பார்லிமெண்டில் ஜனதாவின் தலைவர். கலைக்கக் கூடாது என்று அவர் வாதாடினார். சபைக்கு இன்னும் இரண்டரை ஆண்டு ஆயுள் இருந்தது. ஒருநாள்கூட சபையைச் சந்திக்காத பிரதமருக்கு அதைக் கலைக்கச் சொல்லும் உரிமை ஏது? பெரிய தனிக் கட்சியின் தலைவரான தன்னை அழைத்து, பலத்தைச் சபையிலேயே சோதிக்கட்டும் என்பது அவர் கோரிக்கை. அழைத்திருந்தால், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் பிரதமர் வந்திருப்பார்.

ஜனாதிபதியாக இருந்தவர் நம் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்துக்காரர், நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆகஸ்ட் 22-ந் தேதி சபையைக் கலைத்துவிட்டார். 1969 ஜனாதிபதி தேர்தலில் ரெட்டி தோற்று வி.வி. கிரி ஜெயித்தபோது, ஜகஜீவன் ராம் இந்திரா பக்கம் நின்றவர். பழைய கணக்கு தீர்ந்தது என்று பேசியவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. யார் வந்தாலும் சர்க்கார் நிலைக்காது என்று ரெட்டி நினைத்தார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் சபைதான் என்பதே என் எண்ணம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1970 டிசம்பரில் இந்திரா காந்தி ஓராண்டு முன்னதாகவே சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனபோது, அவர் கட்சியின் தலைவர் இதே ஜகஜீவன் ராம்தான். அப்போது முன்கூட்டிய தேர்தல் அவருக்குக் கசக்கவில்லை. இந்திரா சபையில் தோற்றவர் அல்ல என்ற வித்தியாசம் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1980 ஜனவரியில் தேர்தல் நடந்தது. ஜகஜீவன் ராமைப் பிரதமராக்கக் கேட்டு நின்ற ஜனதாவுக்குக் கிடைத்தது 31 இடம். இந்திரா காங்கிரசுக்கு 353. ஆந்திராவின் 42-ல் 41 இந்திராவுக்கே. ஆனாலும் சசாராம் தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. பிறகு ஜனதாவிலிருந்தும் விலகி, 1984-ல் தனித்து நின்றும் அங்கேயே வென்றார். 1986 ஜூலை 6-ந் தேதி காலமானபோதும் அவர் லோக்சபை உறுப்பினர்தான்.