மிளகை விற்றுப் படை திரட்டிய மன்னர்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரம் ஒன்று இருக்கிறது. மலையாளத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்பார்கள். அடிமரம் முழுதும் பொந்து. பாறசாலை, களியக்காவிளை பக்கம் இருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். மரத்தை இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

எதிரிகள் துரத்தி வந்தபோது ஓர் இளவரசர் இந்தப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அவர்தான் பின்னாளில் திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மா.

அவர் பிறந்தது 1706-ம் ஆண்டு. அப்போது வேணாடு சிறிய நாடு. மன்னர் என்று ஒருவர் இருந்தாரே தவிர, அதிகாரம் எட்டுவீட்டுப் பிள்ளைமார் கையிலும், பத்மநாபசாமி கோவில் சொத்தை ஆண்ட யோகக்காரர் கையிலும் இருந்தது. வரிப்பணம் அரண்மனைக்கு வந்து சேர்வதே அபூர்வம். பணம் இல்லை, எனவே படை இல்லை. படை இல்லை, எனவே பணமும் வரவில்லை.

1721-ல் ஆற்றிங்கல்லில் அஞ்சுதெங்கு கோட்டையைச் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1723-ல், அதே கோட்டையின் ஆங்கிலத் தலைவர் அலெக்சாண்டர் ஓர்முடன் நெய்யாற்றின்கரை இளவரசர் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார். அந்த இளவரசர் மார்த்தாண்ட வர்மாவே என்பது வரலாற்று ஆசிரியர்கள் கருத்து. மிளகு யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்குத் துப்பாக்கி வரும் என்பதை அவர் அப்போதே தெரிந்து கொண்டிருக்க வேண்டும்.

1729-ல் பட்டத்துக்கு வந்தார். மருமக்கள் வழி முறைப்படி மருமகனுக்குத்தான் அரசு. முந்தைய மன்னரின் பிள்ளைகளான தம்பிமார் அதை எதிர்த்தார்கள். அவர்களைக் கொன்றார். பிள்ளைமாரைத் தூக்கிலிட்டு, அவர்கள் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவர்களுக்கு விற்றார். அவர் புகழ் பாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடியது அல்ல.

அவருக்கு வலது கையாக இருந்தவர் நம்மவர். திருநெல்வேலிச் சீமை ஏர்வாடியில் பிறந்த ராமய்யன். அரண்மனையில் சிறிய வேலையில் சேர்ந்து, எழுத்து வேலை பார்த்து, 1737-ல் தளவாய் ஆனார். தளவாய் என்றால் மந்திரியும் அவரே, சேனாதிபதியும் அவரே.

டச்சுக்காரரின் அறிக்கை

அந்நாளில் டச்சுக் கும்பினி கொல்லம், காயங்குளம் போன்ற சிறு ராஜ்யங்களோடு ஒப்பந்தம் போட்டு, மலிவு விலைக்கு மிளகு வாங்கிக் கொண்டிருந்தது. மார்த்தாண்ட வர்மா ஒவ்வொரு ராஜ்யத்தையும் நெருக்க நெருக்க, அந்த மிளகு கைநழுவியது. இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹாப் 1739-ல் கொச்சிக்கு வந்து நிலைமையைப் பார்த்து, மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். வியாபாரம் நிலைக்க வேண்டுமானால் இந்த மன்னரைப் போரால் அடக்க வேண்டும் என்பது அதன் சாரம். மன்னரையும் நேரில் சந்தித்து மிரட்டினார். அப்படியானால் என் மீன்பிடி வள்ளங்களோடு நான் ஐரோப்பா மீது படையெடுக்கிறேன் என்ற பொருளில் மன்னர் கேலியாகப் பதில் சொன்னதாகக் கூறுவார்கள்.

1740 கடைசியில் டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கல்குளம் வரை ஊர்களைக் கொள்ளையிட்டது. வடக்கே போரில் இருந்த ராமய்யனின் படை தெற்கே திரும்பியது. டச்சுக்காரர்கள் குளச்சலில் தங்கள் அரணுக்குள் முடங்கினார்கள். குண்டு ஒன்று வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து, இருந்த அரிசியும் எரிந்து போயிற்று. 1741 ஆகஸ்டில் சரண் அடைந்தார்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரைக் கொல்லாமல், படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் மன்னர். 36 ஆண்டுகள் திருவிதாங்கூருக்கு உழைத்த டிலனாய் 1777-ல் இறந்தார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பதிவுக்கணக்கு

போரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பிறகு நடந்ததுதான். 1743-ல் மிளகு வியாபாரம் முழுவதும் அரசுக்கே என்று உத்தரவு பிறந்தது. விளைந்த மிளகை அரசு பண்டகசாலையில், அரசு சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். வெளியே விற்றால் தண்டனை. அரசு அதை வெள்ளைக்காரனுக்கு அதிக விலைக்கு விற்றது. இடையில் நின்ற லாபம் கோட்டையாகவும் பீரங்கியாகவும் ஆயிற்று. கொடி நட்டு, காவல் காத்து, காயவைத்த குடியானவனுக்கு அந்த லாபத்தில் பங்கு இல்லை.

வரவு செலவை முன்கூட்டி எழுதி வைக்கும் ‘பதிவுக்கணக்கு’ முறையும் அவர் காலத்தில் வந்தது. இன்று பட்ஜெட் என்கிறோமே, அதேதான். நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அவர் ஒரு வகையில் முன்னோடி.

1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கை. மன்னரின் போர்களில் இனித் தலையிடுவதில்லை என்று டச்சுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய்க்கு ஆயுதம் தர வேண்டும். பதிலுக்கு, கைவசம் உள்ள நாட்டில் இருந்து 3,000 கண்டி மிளகு, கண்டி 65 ரூபாய்க்கு. இனிமேல் பிடிக்கப்போகும் நாட்டில் இருந்து 2,000 கண்டி, 55 ரூபாய்க்கு. இன்னும் பிடிக்காத நாட்டின் மிளகுக்கும் விலை பேசியவர் அவர்!

இதற்கு இடையே, 1750 ஜனவரியில், தன் வாளைப் பத்மநாபசாமி சன்னதியில் வைத்து, நாட்டையே கோவிலுக்கு எழுதிக் கொடுத்தார். இனி அரசை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பது என்றாயிற்று. பக்தியா, தந்திரமா? இரண்டும் என்றே நினைக்கிறேன்.

1756-ல் ராமய்யன் மறைந்தார். அந்தத் துக்கத்தில் இருந்து மன்னர் மீளவில்லை. 1758-ல் மரணப் படுக்கையில் மருமகன் ராம வர்மாவை அழைத்துச் சில கட்டளைகள் இட்டார். கோவிலுக்கு எழுதிக் கொடுத்ததை மாற்றக் கூடாது. குடும்பத்துக்குள் பிளவு கூடாது. செலவு வரவை மிஞ்சக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வந்தாலும் ஆங்கிலக் கும்பினியின் நட்பை விடக் கூடாது.

கடைசிக் கட்டளையை வாரிசுகள் காப்பாற்றினார்கள். 1795-ல் கும்பினிப் பட்டாளத்துக்குத் திருவிதாங்கூர் பணம் கட்ட ஒப்புக்கொண்டது. 1805 உடன்படிக்கையில் அது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஆயிற்று. செலவு வரவை மிஞ்சியது. அந்த உடன்படிக்கைக்குச் சம்மதித்த தளவாய், இரணியல் பக்கம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி. அவரே 1809 ஜனவரியில் குண்டறையில் நின்று கும்பினிக்கு எதிராக மக்களை எழச் சொல்லி விளம்பரம் வெளியிட்டார். உப்பு உள்பட வியாபாரம் முழுவதையும் கும்பினி தன் கையில் எடுத்துக்கொள்ளும் என்பது அதில் இருந்த எச்சரிக்கைகளில் ஒன்று.