உறவைச் சுமந்த உத்தமி: ஹழ்ரத் உம்மு ஐமன் (ரலி)

சொந்த பந்தங்களைச் சேர்ந்து நடப்பது மார்க்கக் கடமை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயினும் ஊர் தூரமாக இருந்தால், வெயில் கடுமையாக இருந்தால், பிறகு போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். உறவினரைக் காணச் சென்ற ஒரு நெடும் பயணத்தின் பாரம் முழுவதும் தம் தலைமீது விழுந்தபோது, அதைத் தாங்கி நின்ற ஒரு பெண்மணியின் சரிதையை இங்கு நினைவு கூர்வோம்.

அவர்களின் இயற்பெயர் பரகா. அபிஸீனியா நாட்டைச் சேர்ந்தவர்கள். நாயகம் (ஸல்) அவர்களின் தந்தையார் அப்துல்லாஹ் அவர்களிடம் அடிமைப் பெண்ணாக இருந்தார்கள். நாயகம் (ஸல்) பிறக்கும் முன்பே தந்தையார் யத்ரிபில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்றவை ஐந்து ஒட்டகங்களும் சில ஆடுகளும் இந்தப் பரகாவும்தான்.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆறு வயதானபோது, ஏறத்தாழ கி.பி. 576-ல், அன்னை ஆமினா அம்மையார் மகனை அழைத்துக் கொண்டு யத்ரிப் புறப்பட்டார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபின் தாய்வழி உறவினரான பனூ நஜ்ஜார் குடும்பத்தார் அங்கேதான் வாழ்ந்தனர். கணவரின் கபுரும் அங்கேதான் இருந்தது. உடன் சென்றவர்கள் பரகா அம்மையார். இரண்டே ஒட்டகங்கள். இன்று ரயிலும் மோட்டாரும் சில மணி நேரத்தில் கடந்து விடும் சுமார் 450 கிலோமீட்டர் வழியை, அன்று பாறையும் மணலும் அனல் காற்றும் நிறைந்த பாதையில் பல நாட்கள் பயணம் செய்தே கடக்க வேண்டும்.

யத்ரிபில் ஒரு மாதம் தங்கினார்கள். திரும்பும் வழியில் ஆமினா அம்மையார் நோயுற்று, அப்வா என்னுமிடத்தில் கண்ணை மூடினார்கள். பிறக்கும் முன்பே தந்தையை இழந்த பிள்ளை, நடுவழியில் தாயையும் இழந்தது. அந்நேரத்தில் அருகிலிருந்த கை பரகா அம்மையாரின் கைதான். குழந்தையை அணைத்துக் கொண்டு, அதே இரண்டு ஒட்டகங்களுடன் மக்கா வந்து சேர்ந்து, பாட்டனாரிடம் ஒப்படைத்தார்கள். அதன் பின்னும் வளர்க்கும் பணியைக் கைவிடவில்லை.

கதீஜா நாயகி (ரலி) அவர்களை மணந்தபோது நாயகம் (ஸல்) பரகா அம்மையாரை உரிமை விட்டார்கள். உபைத் என்பவரை மணந்து, ஐமன் என்ற மகனைப் பெற்றதால் உம்மு ஐமன் என்று அழைக்கப்பட்டார்கள். பின்னர் ஹழ்ரத் ஜைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு, ஹழ்ரத் உஸாமா (ரலி) அவர்களை ஈன்றார்கள்.

அதே பாதையில் ஹிஜ்ரத்துக்காகவும் அவர்கள் பயணமானார்கள். ரவ்ஹாவுக்கு அருகில், நோன்பு நோற்ற நிலையில், கையில் தண்ணீரின்றித் தாகத்தால் துவண்டபோது, வெண்கயிற்றில் கட்டிய வாளி வானிலிருந்து இறங்கியதாகவும், அதில் அருந்திய பின் கடும் வெயில் நாளில் நோன்பு வைத்தும் தாகமே அறியவில்லை என்றும் இப்னு ஸஅது (ரஹ்) தமது தபகாத்தில் பதிவு செய்துள்ளார்கள்.

உஹதுப் போரில் காயம் பட்டோருக்குத் தண்ணீர் கொடுத்துப் பணி செய்தார்கள். ஹிஜ்ரி 8-ல் கணவர் முஃதாவிலும், மகன் ஐமன் ஹுனைனிலும் ஷஹீதானார்கள். ஒரே ஆண்டில் இரு இழப்புகள்! பொறுமையுடன் ஏற்றுக் கொண்டார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் தம் தாய்க்குப் பின் இவர்களைத் தாயாகவே மதித்தார்கள். அவர்கள் வீடு தேடிச் சென்று பார்த்து வந்தார்கள். ஒருமுறை குடிக்கக் கொடுத்த பானத்தை நாயகம் (ஸல்) அருந்தாதபோது, பெற்ற தாயைப் போல் உரிமையோடு கடிந்து கொண்டார்கள் உம்மு ஐமன் (ரலி) அவர்கள்.

நாயகம் (ஸல்) வஃபாத்தான பின், அவர்கள் சென்று பார்த்து வந்தது போல நாமும் பார்த்து வருவோம் என்று ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களை அழைத்துச் சென்றார்கள். இருவரையும் கண்டதும் அம்மையார் அழுதார்கள். அல்லாஹ்விடம் இருப்பதே ரசூலுல்லாஹ்வுக்கு மேலானது என்பதை அவர்கள் அறிவார்கள். வானிலிருந்து வஹீ வருவது நின்று விட்டதே என்றுதான் அழுதார்கள். வந்த இருவரும் சேர்ந்து அழுதனர்.

சிந்திப்போமாக! உறவினரைக் காணச் சென்றவர்களுக்குத் துணையாகச் சென்ற அயல்நாட்டுப் பணிப்பெண்ணைத் தேடிக் கலீபாவே வருகிறார்கள். இரத்தத்தால் மட்டுமன்று, கடமையாலும் உறவு உண்டாகிறது. பெற்றோர் மறைந்த பின் அவர்கள் நேசித்தவர்களையும், நம்மைத் தூக்கி வளர்த்தவர்களையும் சென்று காண்பதும் பெற்றோருக்குச் செய்யும் உபகாரமே. நம் குடும்பத்திலும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு முதியவர் இருக்கக் கூடும். வெயிலைச் சாக்காக்காமல் போய்ப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.