மலையின் பெயரும் ஒரு முதல்வரின் வீடும்

ராஜபாளையத்தை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேராமல் தனித்து நிற்கும் பாறைக் குன்றுக்குச் சஞ்சீவி மலை என்று பெயர். மூலிகையை இனங்காண முடியாத அனுமன் மலையையே பெயர்த்துச் சென்றபோது சிந்திய துண்டு இது என்பது ஊரார் நம்பிக்கை. தமிழகத்தில் இப்படி உரிமை கொண்டாடும் மலைகள் பல. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சதுரகிரியிலும் இக்கதை உண்டு. குன்றைக் காண வருவோர், அவ்வூரின் பூ.ச.குமாரசாமி ராஜாவையும் அறிந்து செல்வது நல்லது. பெயரில் உள்ள 'ச', அவருடைய தந்தை சஞ்சீவி ராஜாவைக் குறிப்பது.

1898-இல் பிறந்த அவர், சில நாள்களிலேயே தாயையும் மூன்று வயதில் தந்தையையும் இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். காந்தியடிகளும் சத்தியமூர்த்தியும் அவரைக் காங்கிரஸுக்குள் ஈர்த்தார்கள். 1937-இல் சட்டப்பேரவை உறுப்பினரானார். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவரது ஆட்சிக் காலத்தில்தான் வகுப்புவாரி அரசாணையை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது; 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது. ஆனால், தமிழகத்தில் மூண்ட கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இன்று நாடெங்கும் கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு அடிப்படையாக இருப்பது அத்திருத்தமே. இவ்வரலாற்றைப் பேசுவோர் அந்நாளைய முதல்வரின் பெயரை அநேகமாகச் சொல்வதில்லை.

உணவுப் பஞ்சமும் ரேஷன் கெடுபிடிகளும் மக்களை வெறுப்பேற்றியிருந்த சூழலில் 1952 தேர்தல் வந்தது. 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. முதல்வரே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார். அண்டை ஊரார் அளித்த தீர்ப்பு அது. அடுத்து முதல்வரான ராஜாஜி, தேர்தலில் நிற்காமலேயே மேலவை நியமனத்தின் வழியே வந்தார். குமாரசாமி ராஜா பதவியிலிருந்து விலகிக்கொண்டார்.

1954 முதல் 1956 வரை ஒடிசா ஆளுநர். 1957 மார்ச்சில் மறைவு. தாம் வாழ்ந்த வீட்டையும் கலைப் பணிக்கென அவர் கொடுத்துவிட்டார். அது காந்தி கலை மன்றமாயிற்று.