பாபி டிம்மன்ஸ்

பாட்டு நிலைத்து நிற்க, அதனை ஆக்கியவர் பெயர் மறைந்துபோதல் கலையுலகிற் புதிதன்று. குறுந்தொகையிற் செம்புலப்பெயனீரார் எனப்படும் புலவரின் இயற்பெயரை இன்று அறிவார் இலர். அவர் பாட்டில் வந்த தொடர் ஒன்றே அவர்க்குப் பெயராயிற்று. இனி, பெயரும் ஊரும் பிறந்த நாளும் நன்கறியப்பட்டிருந்தும், தம் ஆக்கங்கள் பிறர் பெயரோடு சேர்த்தே பேசப்படக் கண்டவரும் உளர். அமெரிக்க நாட்டு ஜாஸ் இசைவாணரும் பியானோக் கலைஞருமாகிய பாபி டிம்மன்ஸ் அத்தகையர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

டிம்மன்ஸ் 1935-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் போதகர், பாட்டனாரும் போதகரே. பெற்றோர் இருவரும் பியானோ வாசிக்க வல்லவர். டிம்மன்ஸ் இளமையிலேயே தம் உறவினர் ஒருவரிடம் முறையாக இசை பயின்றார்; பாட்டனார் ஊழியஞ்செய்த ஆலயத்தில் முதன்முதல் வாசிக்கத் தொடங்கினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயங்களிற் போதகர் ஒரு வாக்கியம் உரைத்து நிறுத்த, சபையார் ஒருமித்து மறுமொழி கூறும் வழக்கம் உண்டு. அழைப்பும் விடையுமாக மாறிமாறி எழும் அவ்வோசையினிடையே அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் இயற்றிய இசைக்கெல்லாம் அதுவே ஊற்றாயிற்று.

1954-இல் அவர் நியூயார்க் நகரஞ் சென்றார். அக்காலத்து ஜாஸ் இசையின் நிலையை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நலம். 1940-களில் எழுந்த பீபாப் என்னும் முறை விரைவும் நுட்பமும் மிக்கது. பழகாத செவிக்கு எளிதிற் பிடிபடாதது. 1950-களில் இளைஞர் பலர், அந்நுட்பத்தைக் கைவிடாமலே, ஆலயப் பாட்டின் உருக்கத்தையும் புளூஸ் என்னும் துயரப் பாட்டின் சுவையையும் அதனோடு கலந்தனர். அவ்வாறு பிறந்த முறைக்கு ஹார்ட் பாப் என்பது பெயர். டிம்மன்ஸ் கென்னி டார்ஹாம், செட் பேக்கர், சானி ஸ்டிட், மேனர்ட் பெர்குசன் முதலியோர் குழுக்களிற் சிலகாலம் வாசித்துப் பழகிப் பின்னர், 1958-ஆம் ஆண்டில், ஆர்ட் பிளேக்கி என்னும் முழவுக் கலைஞரின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவிற் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்திரண்டு.

அக்குழுவில் சாக்ஸபோன் வாசித்த பென்னி கோல்சன் சிறந்த இசை இயற்றுநருமாவார். ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் டிம்மன்ஸ் எட்டுத் தாளவட்ட அளவினதாகிய ஒரு சிறு இசைத்துணுக்கை விளையாட்டாக வாசிப்பது வழக்கம். அதனை ஊன்றிக் கேட்ட கோல்சன், நடுப்பகுதி ஒன்று சேர்த்து அதனை முழுப்பாட்டாக்குமாறு வேண்டினார். டிம்மன்ஸோ, அது வெறும் விளையாட்டு. பாட்டென்று சொல்லத் தகாதது என்று கருதினார். கோல்சன் விடவில்லை. இறுதியில் டிம்மன்ஸ் இசைந்து பாட்டை முடித்தார். அவைமுன் வாசித்தபோது கேட்டோர் பெரிதும் மகிழ்ந்தனர். புலம்பல் எனப் பொருள்படும் மோனின் என்னும் பாட்டு இவ்வாறு பிறந்தது.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் புளூ நோட் கம்பெனியார்க்காக அஃது இசைத்தட்டிற் பதிவாயிற்று. தொடக்கத்தில் பியானோ தனித்து ஓர் அழைப்பை விடுக்க, லீ மார்கனின் எக்காளமும் கோல்சனின் சாக்ஸபோனும் ஏனையவும் கூடி, ஆமென் என்பதுபோல் ஈரொலியில் விடையிறுக்கின்றன. அடுத்த எட்டு வட்டங்களில் முறை மாறுகின்றது: அவை அழைக்கப் பியானோ விடை தருகின்றது. போதகர் சபையாராகவும் சபையார் போதகராகவும் மாறும் இவ்வமைப்பை விளங்கிக்கொள்ள இசையிலக்கணம் வேண்டுவதில்லை. அத்தட்டுக்கு முதலில் குழுவின் பெயரையே தலைப்பாக இட்டிருந்தனர்; பாட்டின் புகழ் மிகவே, தட்டு முழுவதுமே மோனின் என வழங்கலாயிற்று. ஆயினும் உலகம் அதனைப் பிளேக்கியின் மோனின் என்றே கூறிற்று.

1959-இன் இறுதியில் டிம்மன்ஸ், சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவிற் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவையோர் முன்னிலையிற் பதிவான தட்டில், இதோ இது எனப் பொருள்படும் திஸ் ஹியர் என்னும் அவரது பாட்டு முதலிடம் பெற்றது. மும்முறைத் தாளமாகிய வால்ட்ஸ் நடையில் ஆலயப் பாட்டின் வீறு அமைந்த புதுமை அதனது. பாட்டின் இயல்பை ஆடர்லியே முன்னுரையாக அவையோர்க்கு விளக்கினார். அத்தட்டு மிகுதியாக விற்பனையாயிற்று. 1960-இல் அதோ அது எனப் பொருள்படும் டேட் டியர் என்னும் பாட்டு வெளிவந்தது. அதனை ஆடர்லி பதிவு செய்தார். டிம்மன்ஸ் பிளேக்கியிடம் மீண்டபின் அவரும் அவ்வாண்டே பதிவு செய்தார்.

இனி, இப்பாட்டுகள் பிறர் கையில் எய்திய உருவங்களைக் காண்போம். சொல்லின்றிப் பிறந்த மோனினுக்கு ஜான் ஹெண்ட்ரிக்ஸ் சொல் அமைத்தார். லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் என்னும் மூவர் குழு 1959-இல் அதனை வாய்ப்பாட்டாகப் பதிவு செய்தது. அதே ஆண்டிற் குவின்சி ஜோன்ஸ் தம் பெரும்படை போன்ற இசைக்குழுவைக்கொண்டு அதனை முழக்கினார். ஐவர் வாசித்த அழைப்பும் விடையும் அங்கே ஒரு திருச்சபையின் பேரொலியாய் விரிந்தன. டேட் டியர் பாட்டுக்கு ஆஸ்கர் பிரவுன் என்பவர், கண்டதையெல்லாம் சுட்டி வினவும் குழந்தையையும், விடை கூறி மாளாத தந்தையையும் வைத்துச் சொல் அமைத்து, 1960-இல் தாமே பாடினார். 1962-இல் ஷீலா ஜோர்டன் அம்மையார், பாஸ் என்னும் நரம்புக்கருவி ஒன்றையே துணையாகக் கொண்டு அதனைப் பாடினார். அதில் பியானோவுக்கே இடமில்லை. பியானோக் கலைஞர் ஆக்கிய பாட்டு பியானோவின்றியும் தளராது நின்றது. 1991-இல் ரிக்கி லீ ஜோன்ஸ் அம்மையார் அதனை மீண்டும் பாடியபோது டிம்மன்ஸ் மறைந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிற்க. டிம்மன்ஸ் வாளாவிருந்தாரல்லர். 1960 ஜனவரியில் ரிவர்சைடு கம்பெனியார்க்காகத் தம் பெயரால் ஒரு தட்டைப் பதிவு செய்து, மூன்று பாட்டுகளையும் மூவர் குழுவில் தாமே வாசித்தார். சாம் ஜோன்ஸ் பாஸ் வாசிக்க, ஜிம்மி காப் முழவு வாசித்தார். 1961-இல் பிளேக்கியை விட்டு நீங்கிய பின்னர்த் தம் சொந்தக் குழுக்களையே நடத்தினார். வைப்ரபோன், ஆர்கன் ஆகியவற்றையும் சிலகால் வாசித்தார். பீபாப் முறையின் நுட்பங்களும் மென்னடைப் பாட்டுகளும் அவர்க்கு நன்கு கைவந்தவை. எனினும் கேட்போர் மோனினையும் அதன் இனத்தனவற்றையுமே அவரிடம் நாடினர்; அவர் எளிய ஆலயப்பாங்கு ஒன்றே அறிந்தவர் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியது. பிறர்க்கெல்லாம் அகன்ற வழியாக அமைந்த பாட்டு, ஆக்கியவர்க்கு மட்டும் குறுகிய அறையாயிற்று. மதுப்பழக்கம் அவர் உடலைக் கெடுத்தது. 1960-களிலேயே அவர் வாழ்க்கை தளர்ந்தது. 1974-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், ஈரல் நோயால் நியூயார்க் நகரில் உயிர்நீத்தார். அவர்க்கு அப்பொழுது முப்பத்தெட்டு வயது.

டிம்மன்ஸ் வாழ்வில் நாம் கருதத்தக்கன இரண்டு உள. விளையாட்டென்று தாமே தள்ளிய எட்டு வட்டங்களே அவரை நிலைநிறுத்தின. அதன் பெருமையை முதலிற் கண்டவர் அருகிருந்த நண்பர். தம் ஆக்கத்தின் தகுதியை எக்காலும் தாமே அறியவல்லார் அரியர் என்பது இதனாற் பெறப்படும். மற்றொன்று, அப்பாட்டுகளைப் பதிந்தோர் யாவரும் அவர்க்குப் பகையல்லர்; அவர்கள் வாசித்துப் பரப்பாவிடின் அவை ஓரிரவு இடைவெளியோடு அடங்கியிருக்கும். பாட்டு பலர் கையிற் சென்றே வாழ்கின்றது. ஆயினும் அதனைக் கேட்டு மகிழ்வோர், தட்டின் மேலுறையிற் பெரிய எழுத்தில் உள்ள பெயரோடு நின்றுவிடாமல், இயற்றியவர் என்று சிறிய எழுத்தில் உள்ள பெயரையும் ஒருமுறை நோக்குவாராயின், அப்போதகர் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யவேண்டிய கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.