பெர்த்தா பென்ஸ் அம்மையார்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதன் உள்ளமைப்பை அறிந்தோர் சிலரே. வண்டியின் எந்திரத்தினுள் எரிபொருள் எரியும்போது பெருவெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தைத் தணிக்கும்பொருட்டு எந்திரத்தைச் சுற்றி நீர் ஓடுகிறது. சூடேறிய நீர் இரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டரை அடைந்து, அங்கே குளிர்ந்து, மற்றொரு குழாய் வழியாக எந்திரத்திற்கு மீள்கிறது. நாட்பட்ட குழாய் வெடித்து நீர் ஒழுகிவிட்டால், வண்டி மேலே செல்லல் இயலாது. கைத்திறன் உடையோர் இதற்கென ஒரு பட்டறையை நாடுவதில்லை. எந்திரம் ஆறும்வரை பொறுத்திருந்து, எஞ்சிய நீரை வடித்து, இறுக்கு வளையங்களைத் தளர்த்திப் பழைய குழாயை நீக்குவர். புதிய குழாயைப் பொருத்தி, மீண்டும் நீர் நிரப்புவர். வீட்டு வாயிலிலேயே வண்டி செப்பமாகிவிடும். இவ்வாறு தம் வண்டியைத் தாமே பழுது பார்ப்போர்க்கெல்லாம் முன்னோடியாக விளங்கியவர் ஒரு பெண்மணி ஆவார். அவரே பெர்த்தா பென்ஸ் அம்மையார்.

பெர்த்தா 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் ஜெர்மனி நாட்டில் போர்ட்ஸைம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கட்டட வேலையால் பொருளீட்டிய தச்சர். பெர்த்தாவுக்கு இளமை முதலே எந்திரங்களின் இயக்கத்தை அறிவதில் ஆர்வம் மிகுதி. ஆயினும், அக்காலத்தில் அப்பகுதியின் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. 1900ஆம் ஆண்டில்தான் அக்கதவு திறந்தது. எனவே, பெர்த்தாவின் அறிவு வேட்கைக்குக் கல்லூரி துணை செய்யவில்லை. வாழ்க்கையே துணை செய்தது.

கார்ல் பென்ஸ் என்னும் இளம் பொறியாளர் 1871ஆம் ஆண்டில் மான்ஹைம் நகரில் ஒரு பட்டறை தொடங்கியிருந்தார். கூட்டாளியால் அத்தொழிலுக்கு இடையூறு நேர்ந்தது. அவருக்கு மனைவியாக உறுதி செய்யப்பட்டிருந்த பெர்த்தா, தமக்குரிய சீதனப் பொருளைத் திருமணத்திற்கு முன்னரே பெற்றுக் கொடுத்து, அக்கூட்டாளியின் பங்கை வாங்கச் செய்தார். கார்ல் பென்ஸின் கையில் அன்று செல்வம் இல்லை. அவர்தம் அறிவின்மேல் பெர்த்தா கொண்ட நம்பிக்கையே இருந்தது. 1872ஆம் ஆண்டில் இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது.

அதன்பின் வறுமை அக்குடும்பத்தை வாட்டியது. கடன் சுமை பெருகியது, குழந்தைகளும் பிறந்தனர். கணவர் இரவு பகலாக உழைத்தும், அவர் அமைத்த எந்திரம் இயங்க மறுத்தது. 1879ஆம் ஆண்டின் இறுதி நாளிரவு, பெர்த்தாவின் தூண்டுதலால் இருவரும் மீண்டும் ஒருமுறை பட்டறைக்குச் சென்றனர். அன்று எந்திரம் இடையறாது இயங்கியது. ஊரார் புத்தாண்டை வரவேற்ற அவ்விரவில், அவ்விருவரும் தம் உழைப்பின் முதற்பயனைக் கண்டு மகிழ்ந்தனர்.

1886ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆம் நாள், மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமம் கோரிக் கார்ல் பென்ஸ் பதிவு செய்தார். ஆயினும் வாங்குவோர் அரியர். குதிரை பூட்டாத வண்டியைக் கண்டு மக்கள் அஞ்சினர். கணவரோ, மேலும் மேலும் திருத்துவதில் முனைந்தாரேயன்றி, அதனை உலகின்முன் ஓட்டிக்காட்டத் துணிந்தாரில்லை. இருவர் பொருளும் வாழ்வும் அவ்வண்டியிலேயே அடங்கியிருந்தன. அது பட்டறையிலேயே கிடந்து துருவேறினால் குடும்பம் என்னாகும்? பெர்த்தா அம்மையார் சிந்தித்தார், துணிந்தார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, 15 வயதினனான ஆயிகன், 13 வயதினனான ரிச்சர்டு என்னும் தம் மக்கள் இருவருடன், கணவர் அறியாவண்ணம் வண்டியை எடுத்துக்கொண்டு தம் தாயார் வாழ்ந்த போர்ட்ஸைம் நோக்கிப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 104 கிலோமீட்டர். அதுகாறும் மோட்டார் வண்டிகள் சோதனைக்காகச் சிறு தொலைவே ஓடியிருந்தன.

வழியெங்கும் இடையூறுகள் எதிர்ப்பட்டன. எரிபொருள் தீரவே, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்கென விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி நிரப்பினார். அவ்வண்டியில் இன்றுள்ளது போன்ற மூடிய ரேடியேட்டர் இல்லை. நீர் ஆவியாகி வற்றிக்கொண்டே இருந்தது. ஆகவே, நீர் கிடைத்த இடமெல்லாம் நின்று, முகந்து ஊற்றினர். எரிபொருட் குழாய் அடைபட்டபோது, அம்மையார் தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றிச் சீர்செய்தார். சங்கிலி தளர்ந்தபோது புரூக்ஸால் நகரில் ஒரு கொல்லரை நாடினார். மேட்டு நிலங்களில் வண்டி ஏற மறுத்தபோது, இறங்கித் தள்ளவும் நேர்ந்தது. தடைக்கட்டைகள் தேய்ந்தமை கண்டு, தோல் தைப்பவர் ஒருவரைக்கொண்டு அவற்றின்மேல் தோல் பொருத்தச் செய்தார்.

மாலைப்பொழுதில் போர்ட்ஸைம் சேர்ந்ததும், நலமுடன் வந்தடைந்த செய்தியைக் கணவருக்குத் தந்தி வாயிலாக அறிவித்தார். சில நாள் கழிந்தபின் வேறு வழியாக வண்டியிலேயே ஊர் திரும்பினார். அவர் சுட்டிக்காட்டிய குறைகளுள் மேடேறும் வலிமையின்மை தலையாயது. அதனைப் போக்க, மற்றொரு பற்சக்கர இணைப்பு வண்டியில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு மியூனிக் நகரில் நடைபெற்ற கண்காட்சியில் அவ்வண்டி பொற்பதக்கம் பெற்றது. 1899ஆம் ஆண்டில் பென்ஸ் நிறுவனம் 572 வண்டிகளைச் செய்யுமளவு வளர்ந்தது.

கார்ல் பென்ஸ் 1929ஆம் ஆண்டில் லாடன்பர்க் என்னும் ஊரில் இறந்தார். அம்மையாரோ மேலும் 15 ஆண்டுகள் அவ்வூரிலேயே வாழ்ந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அவர்தம் 95ஆம் பிறந்தநாள். அன்று, கணவர் முன்னாளில் பயின்ற கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்விக்கூடம் அவருக்கு மதிப்புறு செனட்டர் என்னும் சிறப்பை வழங்கியது. இளமையில் எட்டாதிருந்த கல்விக்கழகத்தின் பெருமை, முதுமையில் அவரைத் தேடி வந்தது. இரண்டு நாள் கழிந்து, மே 5ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார்.

அறிவு ஒன்றைப் படைக்கலாம். அதனை உலகறியச் செய்வது துணிவே. பழுது நேர்ந்தவிடத்துக் கலங்கி நில்லாமல், கையில் உள்ளதைக் கருவியாகக் கொண்டவர் பெர்த்தா அம்மையார். அவர் தொப்பி ஊசி திறந்தது ஒரு சிறு குழாயின் அடைப்பை மட்டுமன்று. உலக மக்களின் நெடும்பயணத்திற்கு அது வழி திறந்தது எனலாம்.