வட்டபுளுவத் துறையும் கண்டியின் கடைசி மன்னரும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மாத்தளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் கீழே ஓடும் மகாவலி கங்கையைக் கவனிப்பதில்லை. பாலம் இல்லாத காலத்தில் கண்டி இராசதானியின் வடக்குக் காவல் அந்த ஆறுதான். பாலத்திலிருந்து ஆற்றோட்டத்தின் வழியே கொஞ்சம் கீழே போனால் வட்டபுளுவ. 1803ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசியில், கையில் துவக்குகளும் ஒரு வாக்குறுதியும் வைத்திருந்த சுமார் நானூறு பேர் அந்தத் துறையில் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றார்கள். அவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி. பிறந்தது 1780ஆம் ஆண்டில். கண்டி அரியணையில் 1739 முதல் அமர்ந்திருந்த நாயக்கர் வம்சத்தின் உறவினர். தென்னிந்தியாவிலிருந்து பெண் எடுத்த கண்டி அரசர்கள் வழியாக வந்தது அந்த வம்சம். 1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, முதன்மை அதிகாரம் (அதிகார்) பதவியிலிருந்த பிலிமத்தலாவை பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை அரசராக்கினார். இளைஞன் தன் சொற்படி நடப்பான் என்பது அவர் கணக்கு. இறந்த மன்னரின் பட்டத்தரசியுடைய சகோதரன் முத்துசாமிக்கும் அரியணையில் உரிமை இருந்தது. அவர் தப்பியோடி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றியிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். இரண்டு கண்டி வாரிசுகளும் இப்படி இரண்டு வேறு சக்திகளின் கைக்குள் போய்விட்டார்கள்.

அன்றைய கண்டி ஆயுதம் இல்லாத நாடல்ல. துவக்கு என்று நாம் இன்றும் சொல்லும் சொல் துருக்கியரின் சொல்லிலிருந்து வந்தது. சிங்களத்திலும் அதே சொல்தான். போர்த்துக்கேயர் வந்து சில தலைமுறைக்குள்ளேயே இலங்கைக் கொல்லர்கள் நல்ல துவக்குகளைச் செய்யக் கற்றுவிட்டதைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே வியந்து பதிந்திருக்கிறார்கள். நீண்ட குழல், இரண்டாகப் பிளந்த பிடி, வெள்ளியும் தந்தமும் பதித்த வேலைப்பாடு ஆகியவை கண்டித் துவக்கின் அடையாளங்கள். 1765இல் கண்டியை ஒல்லாந்தர் சூறையாடியபோது எடுத்துப்போன லெவுக்கே திசாவையின் சிறு பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. அது ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பியது.

ஆனால் அழகும் நம்பகமும் ஒன்றல்ல. ஒவ்வொரு துவக்கும் ஒவ்வொரு கொல்லனின் கைவேலை என்பதால் குழலின் அளவுகள் வேறுபட்டன. ஒரு துவக்கின் ரவை இன்னொன்றுக்குப் பொருந்தாது. வெடிமருந்தையும் கண்டியரே செய்தார்கள். தும்பறை மலைக் குகைகளின் மண்ணைச் சாம்பலோடு கலந்து கழுவிக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். கரி காட்டில் கிடைத்தது. கந்தகம் மட்டும் கடல் கடந்து வரவேண்டும், துறைமுகங்களோ அந்நியர் கையில். நல்ல துவக்கு இருந்தும் போடுவதற்கு நல்ல மருந்து இல்லாத நிலை கண்டியரைப் பலமுறை வாட்டியது. அதனால்தான் அவர்கள் வெட்டவெளிச் சண்டையைத் தவிர்த்து, கணவாய்களில் மறைந்திருந்து கிட்டத்தில் சுட்டார்கள். ஐம்பது அடியில் எந்தத் துவக்கும் குறி தவறுவது குறைவு.

ஆங்கிலேயர் கையில் இருந்ததும் உயர்ந்த ஆயுதம் அல்ல. அந்தக் காலத்தில் அவர்களது காலாட்படையில் பரவலாக வழங்கப்பட்டது இந்திய மாதிரி என்று பெயர்பெற்ற துவக்கு. கிழக்கிந்தியக் கம்பனி தன் சிப்பாய்களுக்காகக் குறைந்த செலவில் செய்வித்த மாதிரி அது. குழலின் நீளத்தை 42 அங்குலத்திலிருந்து 39 ஆகக் குறைத்து, பித்தளை வேலைகளை எளிமையாக்கி மலிவாக்கியிருந்தார்கள். பிரான்சுடனான போர் மூண்டு ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது பிரித்தானிய அரசே அந்த மலிவுத் துவக்கை வாங்கித் தன் படைக்குக் கொடுத்தது. உள்ளே சுழல்வரி இல்லாத குழல், அதைவிடச் சிறிய ஈயக்குண்டு. எண்பது, நூறு யார் தூரத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைப்பது வீண். எல்லாத் துவக்கும் ஒரே அளவு என்பதும், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடப் பயிற்சி பெற்ற கைகள் என்பதுமே அதன் பலம்.

சக்கிமுக்கிக் கல்லின் பொறியை நம்பியிருந்தது அதன் பெரிய பலவீனம். 1834இல் வூல்விச்சில் நடந்த சோதனையில் அப்படிப்பட்ட துவக்குகள் 6000 தடவை சுட்டதில் 922 தடவை வெடிக்கவில்லை. புதிதாக வந்த தொப்பி வெடிமுறைத் துவக்குகளில் அந்தக் கணக்கு 36 மட்டுமே. சோதனைக் களத்திலேயே ஆறேழு தடவைக்கு ஒருமுறை ஏமாற்றும் ஆயுதம், மலையகத்தின் யூன் மழையில் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

1803 தொடக்கத்தில், பாக்கு வியாபாரத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டி ஆளுநர் பிரெடரிக் நோர்த் போர் தொடுத்தார். கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்ட படைகள் பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாக இருந்தது. மன்னர் ஹங்குராங்கெத்தைப் பக்கம் பின்வாங்கியிருந்தார். ஆங்கிலேயர் முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள். அந்த முடியை ஏற்க எந்தக் கிராமமும் வரவில்லை. பின்னர் காய்ச்சல் வந்தது. துவக்கு கொல்லாத சிப்பாய்களைக் காய்ச்சல் கொன்றது. தளபதி மக்டொவல் யூனில் கொழும்புக்குத் திரும்ப, மேஜர் டேவியின் பொறுப்பில் நோயாளிகள் நிறைந்த ஒரு சிறு காவற்படை எஞ்சியது.

யூன் 24 விடியுமுன் கண்டிப்படை அரண்மனையைத் தாக்கியது. பிற்பகலில் டேவி வெள்ளைக்கொடி காட்டினார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம், முத்துசாமியையும் கூட்டிச் செல்லலாம், நகரில் விடப்படும் நோயாளிகள் பராமரிக்கப்படுவார்கள் என்பது உடன்பாடு. மழையில் நடந்து அவர்கள் வட்டபுளுவத் துறைக்கு வந்தார்கள். ஆறு பெருகியிருந்தது. தோணி ஒன்றும் இல்லை. இரவு முழுதும் திறந்த வெளியில் நனைந்தார்கள்.

அடுத்த நாள் மன்னரின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி முதலில் மறுத்தார், பிறகு ஒப்படைத்தார். ஆங்கிலேயரை நம்பி வந்த இளவரசர் அவர்களது கையாலேயே எதிரியிடம் கொடுக்கப்பட்டு, அன்றே கொல்லப்பட்டார். அதற்கடுத்த நாள் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பும்படி சொன்னார்கள். வைத்தார்கள். வைத்தபின் ஐரோப்பியச் சிப்பாய்கள் இருவர் இருவராகப் பிரித்து அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டார்கள். நகரில் படுத்துக் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். மலாய்ப் படையினரில் பலர் மன்னரின் சேவையில் சேர்க்கப்பட்டார்கள். சேர மறுத்த அவர்களின் தலைவர் நூர்தீன் உயிரிழந்தார். டேவி மட்டும் ஆண்டுக்கணக்கில் கைதியாக வாழ்ந்து கண்டியிலேயே இறந்தார்.

இந்தக் கொலைகளுக்கு உத்தரவிட்டது மன்னரா பிலிமத்தலாவையா என்பதில் பழைய பதிவுகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் வாக்குறுதி அரசின் பெயரில் கொடுக்கப்பட்டது, அரசின் பெயரிலேயே மீறப்பட்டது. சரணடைந்தவர்களின் உயிருக்குப் பொறுப்பு, சரணை ஏற்றவர்களுடையது. இந்த விதி வெள்ளைக்காரனுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். வெள்ளைக்கொடி என்ற சொல்லைக் கேட்டாலே மௌனமாகிவிடுகிற நம் வீடுகளில் இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கைப்பற்றிய பீரங்கிகளோடு மன்னர் அந்த ஆண்டு செப்டெம்பரில் ஹங்வெல்லை வரை வந்தார். கொழும்புக்கு அதிக தூரம் இல்லை. ஆனால் அவற்றை இயக்கியவர்கள் கண்டியில் பிடிபட்ட கைதிகள். அவர்கள் வேண்டுமென்றே உயர்த்திக் குறிவைத்ததால் குண்டுகள் கோட்டையின் தலைக்கு மேலே போயின என்று ஆங்கிலேயப் பதிவுகள் சொல்கின்றன. தோற்றுத் திரும்பிய வழியில் மன்னர் லெவுக்கே திசாவையின் தலையை வெட்டச் செய்தார்.

அதன்பின் பத்தாண்டுக்கு மேல் அவர் ஆண்டார். இன்று நாம் பார்க்கும் கண்டி வாவியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவர் காலத்தவை. ஆனால் பிரபுக்கள் மீதான சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. தன்னை அரசராக்கிய பிலிமத்தலாவையைச் சதிக்குற்றத்தில் கொன்றார். அடுத்து வந்த எகலப்பொல 1814இல் ஆங்கிலேயர் பக்கம் ஓடியபோது, பின்னால் அகப்பட்ட அவரது மனைவியும் சிறு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளின் மரணத்தை எந்த நியாயத்தாலும் மூடிவிட முடியாது. அந்தக் கொடுமையை ஆங்கிலேயர் தம் பிரசாரத்துக்கு நன்றாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை. கொடுங்கோலன் என்பதோடு மலபாரி, அதாவது அந்நியத் தமிழன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

1815 பெப்ரவரியில் ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் கண்டிக்கு வந்தபோது பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. பிரபுக்களின் விசுவாசம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரப் பக்கம் ஒரு வீட்டில் மறைந்திருந்த மன்னரை எகலப்பொலவின் ஆட்கள் பிடித்துக் கட்டி அவமானப்படுத்தினார்கள். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. கையெழுத்திட்ட பிரபுக்களில் சிலர் தமிழில் கையெழுத்திட்டார்கள். அதே உடன்படிக்கை மன்னரின் உறவினர்களைக் கண்டி மாகாணங்களின் எதிரிகளாக அறிவித்து, அனுமதியின்றி நுழைந்தால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்றது. ஒரு மனிதனின் குற்றத்துக்கு அவன் குலத்தையே நாட்டை விட்டு விலக்கும் வழக்கம் இந்தத் தீவில் எழுத்தில் ஏறிய பழைய சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

1816 சனவரியில் மன்னரும் குடும்பமும் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்கள். பதினாறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து 1832 சனவரி 30இல் இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் அவரது சமாதி மீது தமிழ்நாட்டு அரசு 1990இல் முத்து மண்டபத்தைக் கட்டியது.

சிங்களப் பாடப்புத்தகங்களில் அவர் கொடுங்கோலன், சில தமிழ் மேடைகளில் வஞ்சிக்கப்பட்ட கடைசித் தமிழ் மன்னன். இரண்டு கதைகளும் வட்டபுளுவத் துறையில் பாதியை மறைக்கின்றன. முதல் கதை, முத்துசாமியை அரசராக்கிக் கைவிட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டாவது கதை, ஆயுதம் வைத்தபின் வெட்டப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று நனைந்த மருந்தும் மலிவுத் துவக்கும் ஏமாற்றியதைவிட, மனிதர் கொடுத்த வாக்கு அதிகம் ஏமாற்றியது. நம்முடைய இழப்புகளுக்கு உண்மையும் நீதியும் கேட்கிற நாம், அந்தத் துறையில் இறந்தவர்களையும் எண்ணித்தான் கேட்க வேண்டும்.